சோற்றின் தரக்கணக்கு: மாரிகுப்பத்தில் மாவுச்சத்துக் குறைப்பின் பொருளியல் பற்றி ஒரு முன்னாய்வு

சோற்றைக் குறைப்பது பற்றி உலகில் எழுதிக் குவித்திருக்கிறார்கள். கர்நாடகத்தின் கோலார் தங்க வயலில் இருக்கும் மாரிகுப்பத்தை மனத்தில் வைத்து யாரும் எழுதியதாகத் தெரியவில்லை. இத்துறையின் மூலவர் வில்லியம் பேன்டிங், லண்டனில் பெரிய இடத்து இறுதிச் சடங்குகளை நடத்திக் கொடுத்து வாழ்ந்தவர். ரொட்டி, உருளைக்கிழங்கு, சர்க்கரை, பீர் ஆகியவற்றைக் கைவிட்டு உடல் இளைத்த விவரத்தை 1863-ல் சிறு நூலாக வெளியிட்டார். ஊரார் ஆயுள் நீண்டால் தம் தொழில் படுக்கும் என்று தெரிந்தே எழுதியவர் என்பதால், அவர் சாட்சியத்தைச் சந்தேகிக்க இடமில்லை. ஆனால் அவர் தட்டில் மாட்டிறைச்சியும் ஆட்டிறைச்சியும் மீனும் மாறி மாறி வந்தன; பக்கத்தில் கோப்பையில் திராட்சை மதுவும் இருந்தது. (இக்கடைசிச் செய்தி மட்டும் ஊரில் பரவினால் இம்முறைக்கு மாரிகுப்பத்தில் ஒரே வாரத்தில் தொண்டர்கள் சேர்ந்துவிடுவார்கள்.) அடுத்து 1972-ல் அமெரிக்காவில் டாக்டர் அட்கின்ஸின் நூல் வந்தது. அதே 1972-ல்தான் இங்குள்ள தங்கச் சுரங்கங்களை நடத்திய பாரத் கோல்டு மைன்ஸ் லிமிடெட் நிறுவனமும் பிறந்தது. இவ்விரு நிகழ்ச்சிகளையும் இணைத்துப் பார்க்காதது ஆய்வுலகின் சோம்பல். பிறகு இம்முறை பேலியோ என்ற பெயரில் தமிழுக்கு வந்தது. நியாண்டர் செல்வனின் எழுத்தால் அது பரவியபோது, காலை உணவு என்றால் நூறு பாதாம் என்று நடுத்தர வர்க்கம் மனப்பாடம் செய்துகொண்டது. நூறு பாதாமின் விலையைக் கேட்ட மாத்திரத்தில் ஏழை மனிதர், இது நமக்கான நோயும் அல்ல மருந்தும் அல்ல என்று எழுந்து போய்விட்டார்.

அவர் எழுந்து போனது தவறு என்பதே இக்கட்டுரையின் வாதம். மாரிகுப்பத்துத் தட்டின் அளவைத் தீர்மானித்தது பசி அல்ல, சுரங்கம். 1880-ல் ஜான் டெய்லர் கம்பெனி வேலையைத் தொடங்கிய நாளிலிருந்து, வட ஆற்காடு, சேலம், சித்தூர்ப் பக்கங்களிலிருந்து வந்து லைன் வீடுகளில் குடியேறிய தொழிலாளி பூமிக்கு அடியில் பாறையை உடைத்தார். சாம்பியன் ரீஃப் சுரங்கம் கடைசியில் 3 கிலோமீட்டருக்கும் கீழே போனது. அந்த ஆழத்தில் பாறையின் வெப்பம் 60 டிகிரிக்கும் மேல். அங்கே ஒரு ஷிஃப்ட் முடித்து மேலே வந்தவரிடம் சோற்றைக் குறைத்துக்கொள் என்று சொல்லியிருந்தால், சொன்னவரின் நலத்துக்கு உத்தரவாதம் கிடையாது. ஐதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-ல் வகுத்த அளவின்படி கடின உழைப்பாளி ஆணுக்கு நாளொன்றுக்கு 3,470 கலோரி தேவை. உட்கார்ந்து வேலை செய்பவருக்கு 2,110 போதும். இடைவெளி 1,360 கலோரி. இதை அரிசியாக மாற்றினால் ஏறக்குறைய 390 கிராம். 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி சுரங்கத்தை மூடினார்கள். அந்த 390 கிராமை மூட யாரும் உத்தரவு போடவில்லை. பாறையை உடைத்தவரின் மகனும் பேரனும் இன்று ரயிலேறிப் பெங்களூருக்குப் போய் நாற்காலியில் உட்கார்கிறார்கள். தட்டு மட்டும் இன்னும் முதல் ஷிஃப்ட்டுக்கே இறங்கிக்கொண்டிருக்கிறது. இந்தியர் உண்ணும் ஆற்றலில் 62 விழுக்காடு மாவுச்சத்திலிருந்து வருகிறது என்று ஐசிஎம்ஆர் ஆய்வு சொல்கிறது. நாட்டின் பிற பகுதிகளுக்கு அது வெறும் பழக்கம். இங்கே அதற்கு ஒரு கம்பெனியும் ஒரு கூண்டு லிஃப்ட்டும் காரணமாக இருந்தன.

சரி, குறைத்த சோற்றின் இடத்தில் எதை வைப்பது, யார் காசில் வைப்பது? இதற்கான முறையியல் இந்த ஊரிலேயே கிடைக்கிறது. தொடக்க காலத்தில் ஒரு டன் பாறையில் 47 கிராம் வரை தங்கம் கிடைத்தது. கடைசிக் காலத்தில் 3 கிராம். எடுக்கும் செலவு எடுத்த தங்கத்தின் விலையைத் தாண்டியபோது கணக்குப் புத்தகம் மூடப்பட்டது. ஆகவே பாறை மலிவா என்று இங்கே யாரும் கேட்பதில்லை. ஒரு கிராமுக்கு எவ்வளவு செலவு என்றுதான் கேட்பார்கள். இதே கேள்வியைக் கறிக்கடையிலும் மளிகைக் கடையிலும் புரதத்தைக் குறித்துக் கேட்பதையே இவ்வாய்வு தரக்கணக்கு என்கிறது. ஒரு முட்டை 7 ரூபாய், அதில் புரதம் 6 கிராம் என்று கொண்டால் கிராமுக்கு ஒரு ரூபாய் 17 காசு ஆகிறது. நூறு கிராம் பாதாமை 90 ரூபாய்க்கு வாங்கினால் 21 கிராம் புரதம், அதாவது கிராமுக்கு நாலே கால் ரூபாய்க்கு மேல். நூறு கிராம் வேர்க்கடலை 15 ரூபாய், புரதம் 25 கிராம். கிராமுக்கு 60 காசு. பாதாமில் இருப்பதைவிடப் புரதம் அதிகம், விலை ஆறில் ஒன்று. கடைக்குக் கடை விலை மாறும், வரிசை மாறாது. பாதாமைப் பரிந்துரைத்தவர்கள் யாரும் கர்நாடகத்து வேர்க்கடலை வயலைப் பார்த்ததில்லை என்று முடிவு கட்ட ஆதாரம் போதாது. ஐயம் கொள்ளப் போதும்.

ஆண்டர்சன்பேட்டை, ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட்டுகளில் தரக்கணக்கைப் போட்டுக்கொண்டே நடந்தால், பணக்காரர் விலகிப் போகும் பக்கத்தில்தான் உயர்தரப் பாறை இருப்பது தெரியும். தொடைக்கறிக்குக் கூட்டம் நிற்கிறது. போட்டி, ஈரல், சுவரொட்டி, தலைக்கறி, ரத்தம் ஆகியவை ஓரமாகக் காத்திருக்கின்றன. இவற்றில் மாவுச்சத்து அநேகமாக இல்லை, ஈரலிலும் சுவரொட்டியிலும் ரத்தத்திலும் இரும்புச்சத்தோ தாராளம், விலையும் பெரும்பாலும் சதைக்கறியைவிடக் குறைவு. நெத்திலிக் கருவாடு இன்னொரு சிறப்பு: காயவைத்ததால் தண்ணீருக்குக் காசு கொடுக்கத் தேவையில்லை. உப்பு அதிகம் என்பது அதன் ஒரே குறை, ரத்தக் கொதிப்பு உள்ளவர் ஊறவைத்துக் கழுவ வேண்டும். மாட்டுக்கறியைப் பற்றி ஒரு காலத்தில் நீண்ட அத்தியாயமே எழுதலாம். இந்த ஊரில் எளியவரின் புரதம் அதுவாகத்தான் இருந்தது. கர்நாடகத்தின் 2020-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு 13 வயதைத் தாண்டிய எருமைக்கு மட்டுமே அனுமதி. அந்த வயது எருமையை மெல்லுவதற்கு ஆகும் ஆற்றலையும் வேகவைக்கும் கேஸையும் வரவிலிருந்து கழிக்க வேண்டியிருப்பதால் கணக்கு சிக்கலாகிறது. சிக்கலை உண்டாக்கியது சமையலறை அல்ல என்பதையும் பதிவு செய்ய வேண்டும். சைவர்களுக்கு வேர்க்கடலை தவிர சோயா உருண்டை இருக்கிறது. நூறு கிராமில் 52 கிராம் புரதம் என்பது எந்த ஆட்டுக்கும் எட்டாத தரம். அதற்குச் சுவை உண்டா என்பது இவ்வாய்வின் எல்லைக்குள் வராது. முருங்கைக்கீரைக்கு விலையே கிடையாது. பக்கத்து வீட்டுக்காரரிடம் கொஞ்சம் மரியாதையாகப் பேசினால் போதும்.

இந்த இடத்தில் ராகிக் கட்சியினர் எழுந்து நிற்பார்கள். கோலார் மாவட்டத்தில் நின்றுகொண்டு களியைச் சேர்க்காமல் ஒரு உணவுமுறையா என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானது, பதில் கசப்பானது. நூறு கிராம் ராகியிலும் மாவுச்சத்து 70 கிராமை நெருங்குகிறது. சுண்ணாம்புச்சத்திலும் நார்ச்சத்திலும் அரிசியை அது தோற்கடிக்கிறது என்பது உண்மைதான். ஆனால் சர்க்கரைக்கு நல்லது என்ற ஒரே காரணத்துக்காக ஒன்றுக்கு மூன்று உருண்டை உள்ளே போனால் கணையம் நிறத்தைப் பார்த்து ஏமாறுவதில்லை. ஹிட்டம் திந்தம் பெட்டம் கித்தம், களி தின்றவன் மலையையே பிடுங்குவான் என்று கன்னடத்தில் சொல்வார்கள். இந்தப் பழமொழியை எழுத்துக்கு எழுத்து நிரூபித்த ஊர் இந்தியாவிலேயே இதுதான். பிடுங்க வேண்டியதைப் பிடுங்கியாகிவிட்டது என்பதே நம் வாதம்.

இதைவிடக் கனமான ஆட்சேபம் ரேஷன் கடையிலிருந்து வருகிறது. முட்டை மலிவு, கடலை மலிவு என்று எவ்வளவு கணக்குப் போட்டாலும் அரிசியின் விலை பூஜ்யம். 2025 பிப்ரவரியில் கர்நாடக அரசின் அன்ன பாக்யா திட்டத்தில் தலைக்கு மாதம் 10 கிலோ அரிசி என்று ஆனது. பூஜ்யத்தோடு போட்டியிட்டு எந்த முட்டையும் ஜெயிக்காது. ஆகவே சோற்றைக் குறைப்பவர் செலவைக் கூட்டிக்கொள்கிறார் என்பது ஆட்சேபம். கணிதத்தில் இதற்கு மறுப்பு இல்லை. ஆனால் 10 கிலோவை 30 நாளுக்குப் பிரித்தால் நாளொன்றுக்கு 333 கிராம் வருகிறது. சுரங்கம் மூடியதும் தேவையற்றுப்போன 390 கிராமுக்கு இது எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்று பாருங்கள். மத்திய அரசு எந்த வேலையை நிறுத்தியதோ அந்த வேலைக்கான சோற்றை மத்திய அரசும் மாநில அரசும் சேர்ந்து பிறகும் கொடுத்தன. (நட்ட ஈடு என்று இதை யாரும் பெயரிடவில்லை, தொழிலாளர்கள் கேட்ட நட்ட ஈடு வேறு.) மேலும் பூஜ்யம் என்பது கடை வாசலில் மட்டுமே பூஜ்யம். அந்த 333 கிராமில் புரதம் 25 கிராமுக்கும் குறைவு, மாவுச்சத்து 260 கிராம். தங்கத்தை எடுத்துக்கொண்டு மிச்சத்தை எங்கே கொட்டுவது என்ற பிரச்சினையை இவ்வூர்க்காரருக்கு விளக்க வேண்டியதில்லை. சயனைடு மேடுகளில் 3 கோடி டன்னுக்கும் மேல் அப்படிக் கொட்டியதுதான் கண்ணெதிரே நிற்கிறது. அந்த மேடுகள் பதின்மூன்றையும் ஏலம் விட 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. இடுப்பைச் சுற்றிக் கொட்டியதற்கு ஏலம் கேட்க ஆள் வருவதில்லை. பிறகு சர்க்கரை நோய் வரும், அதற்கான மாத்திரையும் அரசு மருத்துவமனையில் இலவசம். அரிசி இலவசம், மாத்திரை இலவசம். இரண்டுக்கும் நடுவே உட்கார்ந்து வேலை பார்க்கும் கணையத்துக்கு மட்டும் சம்பளம் இல்லை. 2025 அக்டோபரில் மாநில அமைச்சரவை, பத்தில் 5 கிலோவுக்குப் பதில் துவரம் பருப்பு, எண்ணெய், உப்பு அடங்கிய தொகுப்பு தரலாம் என்று முடிவு செய்தபோது தரக்கணக்கு விதான சௌதாவை எட்டிவிட்டதாக மகிழ்ந்தோம். தொகுப்பில் சர்க்கரையும் இருந்தது.

மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் சோற்றைச் சட்டென்று குறைத்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். மருத்துவரிடம் சொல்லி மருந்தின் அளவைச் சரிசெய்துகொண்டுதான் தொடங்க வேண்டும். இப்பத்தி மட்டும் போலி ஆய்வில் சேராது.

ரயிலில் போகிறவர் சோற்றை விட்டால் வேறு எதைக் கட்டிக்கொண்டு போவது என்ற போக்குவரத்து சார்ந்த ஆட்சேபத்துக்கு அதிக இடம் தரத் தேவையில்லை. 1894-ல் போட்ட கிளைப்பாதையின் கடைசி நிலையம் மாரிகுப்பம். விடியுமுன் ஏறும் ஆயிரக்கணக்கானோர் டிபன் பாக்ஸில் சித்ரான்னமும் புளிசாதமும் எடுத்துப் போவதற்குக் காரணம், சிந்தாது, கெடாது, நின்றுகொண்டும் சாப்பிடலாம் என்பதே. அவித்த முட்டையும் வறுத்த கடலையும் இம்மூன்று தேர்விலும் தேறுகின்றன. திரும்பி வரும்போது பங்காரப்பேட்டையில் இறங்கினால் தெளிந்த தண்ணீர் ஊற்றிய அந்த ஊர்ப் பானிபூரி இருக்கிறது. அதற்கு அறிவியலில் மறுமொழி இல்லை. இறங்காமல் இருப்பது ஒன்றே வழி.

எஞ்சுவது எஞ்சிய அரிசி. தட்டில் குறைத்துவிட்டோம், ரேஷன் கடையிலோ அரிசி வந்துகொண்டே இருக்கிறது; விற்பது குற்றம், வைத்திருந்தால் வண்டு. இதற்குத் தீர்வாக லைன் வீட்டு வாசலில் நாட்டுக்கோழி வளர்த்து, மிஞ்சிய சோற்றைப் போட்டு முட்டையாக மாற்றிக்கொள்ளலாம் என்று ஒரு கருதுகோளை முன்வைக்கத் தோன்றுகிறது. தரம் குறைந்த பாறையை உள்ளே விட்டால் தரம் உயர்ந்த பொருள் வெளியே வரும், மின்சாரம் வேண்டாம், சயனைடு வேண்டாம். கருதுகோள் அழகானது, ஆனால் கோழி ஒத்துழைக்காது. முட்டையிடும் கோழியின் தீவனத்தில் புரதம் 16 விழுக்காடாவது இருக்க வேண்டும், அரிசியில் 7-தான். சோற்றை மட்டும் தின்றால் கோழிக்குக் கொழுப்பு ஏறும், முட்டை குறையும். ஆகவே அது சோற்றை இரண்டு கொத்து கொத்திவிட்டு, குப்பையைக் கிளறிப் புழு, கரையான், பூச்சி என்று தேடிப்போகிறது. யாரும் சொல்லிக் கொடுக்காமல், காலணாச் செலவில்லாமல் மாவுச்சத்தைக் குறைத்துக்கொண்ட மாரிகுப்பவாசி இவ்வாய்வுக்குக் கிடைத்தது இது ஒன்றுதான். அதனிடம் மேற்கொண்டு விவரம் கேட்கப் போனால் ஓடிவிடுகிறது.