தெரிஞ்ச வக்கீல்

இடது மணிக்கட்டில் மாவுக்கட்டு. அதனால் இதை வலது கை ஒன்றாலேயே தட்டிக்கொண்டிருக்கிறேன். கோபம் மட்டும் இரண்டு கைக்கும் சேர்த்து இருக்கிறது. அடுத்தவர் இடத்தில் விழுந்து கையை உடைத்துக்கொண்டவர்கள் வக்கீல் வைப்பது எப்படி? நாலு பேருக்குப் பயன்படட்டும், வரிசையாகச் சொல்கிறேன்.

மாமல்லபுரத்துக்குச் சற்று முன்னால், ஈசிஆரில் ஒரு கடற்கரை ரிசார்ட். பெரியப்பா பையன் மகளுக்கு ரிசப்ஷன். வாசலில் நாலே படி, நாலும் கறுப்பு கிரானைட். முகம் பார்த்துத் தலை சீவிக்கொள்ளலாம். அதன் மேல் பன்னீர். பன்னீரின் மேல், நீச்சல் குளத்திலிருந்து சொட்டச் சொட்ட ஓடி வந்த மாப்பிள்ளை வீட்டுப் பிள்ளைகள். அதற்கும் மேல் நான். பட்டு வேட்டி கட்டியிருந்தேன் என்பதோடு வர்ணனையை நிறுத்திக்கொள்கிறேன்.

மேனேஜர் ஓடி வந்தார். என்னைத் தூக்குவதற்கு முன்னால் படியைத் தடவிப் பார்த்தார், எங்காவது விரிசல் விட்டிருக்கிறதா என்று. பிறகு, “பார்த்து வரக் கூடாதா சார்? இந்த ஊர்ல வெண்ணெய் உருண்டைப் பாறையே காலங்காலமா வழுக்காம நிக்குது” என்றார்.

நிற்காமல் என்ன செய்யும்? அது உட்கார்ந்திருப்பது பாலிஷ் போடாத பாறை மேல். 1908-இல் சென்னை கவர்னர் ஆர்தர் லாலி ஏழு யானைகளைக் கட்டி இழுத்தும் அசையவில்லை என்று கைடுகள் சொல்வார்கள். அடியில் கிரானைட் பதித்துப் பன்னீரும் தெளித்திருந்தால் கவர்னருக்கு ஒரு யானையே போதுமாயிருக்கும். திருக்கழுக்குன்றம் மலைக்கு 500-க்கு மேல் படிகள். சின்ன வயதிலிருந்து ஏறி இறங்குகிறேன். சொரசொரப்பான பழைய கல், ஒருநாளும் என்னைத் தள்ளிவிட்டதில்லை.

சும்மா விடக் கூடாது, கேஸ் போட்டே ஆகவேண்டும் என்று ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே காரில் இருந்தவர்கள் ஒருமனதாகத் தீர்மானம் போட்டார்கள். அடுத்த கேள்வி உங்களுக்கே தெரியும்.

“நமக்குத் தெரிஞ்ச வக்கீல் யாரு இருக்கா?”

பல்லைப் பிடுங்க முன்பின் தெரியாத டாக்டரிடம் வாயைத் திறப்போம். வக்கீல் மட்டும் தெரிந்தவராக இருக்க வேண்டும். தெரிந்தவர் என்றால் பீஸ் கேட்க மாட்டார் என்பது நம் கணக்கு. பீஸ் கேட்க மாட்டார் என்பதால் வேலையும் செய்ய மாட்டார் என்பது அவர் கணக்கு. இரண்டு கணக்கும் ஒருபோதும் பிசகியதில்லை.

முதலில் கிடைத்தவர் மைத்துனனுடன் பீச் லைன் மின்சார ரயிலில் போய்வரும் தெரிஞ்ச வக்கீல். “நான் கிரிமினல் சைடு. கை உங்களோடதுதானே? நீங்க யாரோட கையையாவது உடைச்சிருந்தா சொல்லுங்க” என்றார். அவர் தனக்குத் தெரிஞ்ச ஒருவரைச் சொன்னார். அவர் பேங்க் பேனல். வேறு எதையும் தொடுவதில்லை. அவர் சொன்ன அம்மையார் குடும்ப நல வழக்குகள் மட்டும் பார்ப்பவர். “உங்க கேஸ் நம்ம லைன் இல்லை. ஆனா பின்னாடி வேற ஏதாவது தேவைப்பட்டா தயங்காம வாங்க சார்” என்று கார்டு கொடுத்தார். என் மனைவி பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். கார்டை வாங்கிப் பத்திரப்படுத்திக்கொண்டதும் அவள்தான்.

பிறகு, பைக்கில் வக்கீல் ஸ்டிக்கர் ஒட்டிய தெரிஞ்ச பையன். ஸ்டிக்கர் அவன் மாமாவுடையது. பிறகு, ரிடையர் ஆன கையோடு சட்டம் படித்த தெரிஞ்ச அதிகாரி. அரைநாள் பேசினார். எனக்கு எத்தனை உரிமைகள் இருக்கின்றன என்று கேட்டு எனக்கே பயம் வந்துவிட்டது. கோர்ட்டுக்கு மட்டும் அவர் போவதில்லையாம், முட்டி வலி. பிறகு, எங்கள் மனைக்குக் கிரயப் பத்திரம் எழுதிய தெரிஞ்சவர். அவரைப் பத்து வருஷமாக வக்கீல் என்றே நினைத்துக்கொண்டிருந்தோம். பிறகு, அத்தை பக்கத்தில் ஒரு தெரிஞ்ச வக்கீல். போன் செய்தால் அவர் கட்சிக்குப் போய் மாவட்டப் பொறுப்பில் இருக்கிறார். ரிசார்ட்டுக்கு எதிராக ஆர்ப்பாட்டம் வேண்டுமானால் ஏற்பாடு செய்வதாகச் சொன்னார்.

வக்கீலை வேறு எப்படித்தான் கண்டுபிடிப்பது? அமெரிக்காவில் நெடுஞ்சாலை ஓரமெல்லாம் வக்கீல்கள் கோட்டுடன் பலகையில் நிற்கிறார்கள்: விழுந்தீர்களா, எங்களைக் கூப்பிடுங்கள், ஜெயித்தால் எங்களுக்குப் பங்கு. இங்கே இரண்டுமே கூடாது. வக்கீல் விளம்பரம் செய்யக் கூடாது, கிடைக்கும் தொகையில் பங்கு பேசக் கூடாது என்பது இந்திய பார் கவுன்சில் விதி. நம் ஜிஎஸ்டி சாலையில் வீட்டுமனைக்குப் பலகை உண்டு, பிரியாணிக்கு உண்டு, ஐ.ஏ.எஸ். கோச்சிங்குக்கு உண்டு. விழுந்தவனுக்கு ஒன்றும் கிடையாது.

கடைசியில் செங்கல்பட்டு நீதிமன்ற வளாகத்தில், விபத்து வழக்குகளையே பார்க்கும் ஒருவரிடம் கொண்டுபோய் விட்டார்கள். அவரும் தெரிஞ்சவருக்குத் தெரிஞ்சவர்தான். மாவுக்கட்டைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

“எந்த வண்டி?”

“வண்டி இல்லைங்க. படி.”

“லாரி, வேன் ஏதாவது?”

“இல்லை.”

“ஒரு ஷேர் ஆட்டோ கூடவா இல்லை?” அவர் குரலில் உண்மையான துக்கம். வண்டி மோதினால் அதற்கென்று தீர்ப்பாயம் இருக்கிறது, பின்னால் இன்சூரன்ஸ் கம்பெனி இருக்கிறது, ஊனம் எத்தனை சதவீதம் என்று கணக்கிட வழி இருக்கிறது. தானாக வழுக்கி விழுந்தவனுக்கு யார் இருக்கிறார்கள்? “ஒரு பைக்கைச் சேர்த்துக்கலாமே மாமா” என்று மைத்துனன் காதைக் கடித்தான். படிக்கட்டில் எந்த பைக்டா ஏறி வந்தது?

சிவில் வழக்கு என்றால் கேட்கும் தொகையில் 3 சதவீதம் கோர்ட் கட்டணம். 2017 வரைக்கும் அது 7.5 சதவீதமாக இருந்ததாம். நான் நல்ல நேரம் பார்த்துத்தான் விழுந்திருக்கிறேன். நுகர்வோர் ஆணையம் போகலாம் என்றார். “ரிசார்ட்டுக்குப் பணம் கட்டினீங்களா?”

“மொய் எழுதினேன்.”

“அது பொண்ணோட அப்பாவுக்கு. பரவாயில்லை, பணம் கட்டினவர் சம்மதத்தோட சேவையை அனுபவிச்சவரும் நுகர்வோர்தான்னு 2019 சட்டத்துல இருக்கு. பில் அவர் பேர்ல இருக்கும். அவரையும் ஒரு பார்ட்டியா சேர்த்துடலாம். நீங்க விழுந்தது கல்யாண வீடியோவுல இருக்குமே, அதையும் அவர்கிட்ட கேட்டு வாங்கிடுங்க.”

இருக்கிறது. டிரோன் படம், மேலிருந்து, பின்னணியில் நாதஸ்வரத்துடன். அதை வைத்திருக்கும் பெரியப்பா பையனின் மனைவி, மகள் ரிசப்ஷன் வாசலில் நான் வேண்டுமென்றே விழுந்து அபசகுனம் செய்துவிட்டேன் என்று எங்களுடன் பேசுவதை நிறுத்தியிருக்கிறாள். அந்த வீட்டுக்குத்தான் நான் சம்மன் அனுப்ப வேண்டும்.

தெருவில் ஓய்வுபெற்ற கோர்ட் சிரஸ்தார் ஒருவர் இருக்கிறார். தைரியம் சொல்வதற்காக வந்தார். “நீங்க முதல் ஆளில்லை சார். 1972-இல டெல்லி ஓபராய் இன்டர்கான்டினென்டல் ஓட்டல்ல, கிளாஸ் மிட்டல்பாக்கெர்ட்னு லுஃப்தான்சா கோ-பைலட், நீச்சல் குளத்துல டைவ் அடிச்சார். தலை அடியில மோதி முடமாயிட்டார். கேஸ் போட்டார். அஞ்சு நட்சத்திரக் காசு வாங்கினா அஞ்சு நட்சத்திரக் கவனம் இருக்கணும்னு 1997-இல டெல்லி ஹைகோர்ட்ல நீதிபதி லஹோட்டி 50 லட்சம் தீர்ப்பு சொன்னார்.”

எனக்கு மணிக்கட்டு வலியே குறைந்துவிட்டது. “பணத்தை வாங்கிட்டாரா?”

“1985-இலயே இறந்துட்டாரே. அப்புறம் 2002-இல பெஞ்ச், ஆள் போனதோட வழக்கும் போச்சுன்னு அந்தத் தீர்ப்பையே ரத்து பண்ணிடுச்சு.” காபியைக் குடித்து முடித்துவிட்டு நிதானமாகக் கேட்டார்: “உங்களுக்கு வயசு என்ன ஆகுது?”

ரிசார்ட் வாசலில் இப்போது மஞ்சள் பலகை வைத்திருக்கிறார்களாம். ‘வழுக்கும், கவனம். நிர்வாகம் பொறுப்பல்ல.’ பன்னீர் தெளிப்பது நிற்கவில்லை.

வக்கீல் வைப்பது எப்படி என்பதை இன்னும் சொல்லவில்லை, தெரிகிறது. நுகர்வோர் ஆணையத்துக்கு 2 வருஷம் அவகாசம் இருக்கிறது, 5 லட்சம் வரை கட்டணமும் கிடையாது. அதற்குள் உங்களிடம் ஒரு வேண்டுகோள். தெரிஞ்ச வக்கீல் யாராவது இருந்தால் தயவுசெய்து என்னிடம் சொல்லாதீர்கள். உங்களுக்குச் சுத்தமாகத் தெரியாத வக்கீல் ஒருவர் இருந்தால் மட்டும் எழுதுங்கள். அவருக்கு நான் பீஸ் கொடுத்துவிடுகிறேன்.