மோவாயால் துழாவும் மீன்

கேள்வி: மின்சார மீன் என்றாலே தொட்டவுடன் ஷாக் அடிக்குமே! ஆப்பிரிக்காவின் யானைமூக்கு மீனை மட்டும் எப்படி வீட்டுத் தொட்டியில் வளர்க்கிறார்கள்?

பதில்: தாராளமாகக் கையை விடுங்கள், உங்களுக்கு ஒன்றும் ஆகாது. ஆளைத் தூக்கியடிப்பது தென் அமெரிக்காவின் மின்சார விலாங்கு. க்னாத்தோனீமஸ் பேரினத்தைச் சேர்ந்த இந்த மீனின் வாலடியில் உள்ள உறுப்பு விடுவதோ மிக மெல்லிய மின்துடிப்பு. அடிப்பதற்கு அல்ல, வழி பார்ப்பதற்கு! நைஜர், காங்கோ ஆற்றுப் படுகைகளின் கலங்கல் நீரில், இருட்டிய பிறகுதான் அதற்கு வேலையே. உடலைச் சுற்றி மின்புலம் பரவியிருக்கும். கல்லோ புழுவோ குறுக்கே வந்தால் அந்தப் புலம் லேசாகக் கலையும். தோலில் இருக்கும் உணர்விகள் அதைப் பிடித்துவிடும். கல் எது, புழு எது என்றுகூடப் பிரித்துச் சொல்லிவிடும்.

மூக்கு என்கிறோமே, அது உண்மையில் நீண்டுபோன மோவாய். அதை இப்படியும் அப்படியும் ஆட்டிச் சேற்றைத் துழாவித்தான் இரை பொறுக்குகிறது. இவ்வளவுக்கும் மூளை வேண்டாமா? உடலுக்குள் போகும் ஆக்சிஜனில் சுமார் 60 சதவீதத்தை மூளையே எடுத்துக்கொள்கிறது. மனிதர்களாகிய நமக்கு 20 சதவீதம்தான்! வளர்க்க ஆசையென்றால் தொட்டியில் கூரான சரளைக்கல் வேண்டாம், நைசான மணல் போடுங்கள். அந்த மோவாயில் காயம் பட்டால் பாவம், சாப்பாடு தேடவே திண்டாடிப் போகும்.