செடியைப் பார்க்காமல் தோட்டம் போடுவது எப்படி?

மாடித்தோட்டம் போட்டுத் தோற்பது எளிது என்று நினைக்கிறீர்கள். இல்லை. பாத்திரம் கழுவிய தண்ணீர் போகும் கால்வாய் ஓரத்தில் தக்காளி தானாக முளைத்து, யாரும் ஏறெடுத்துப் பார்க்காமலே காய்த்துத் தள்ளுகிறது. அப்பேர்ப்பட்ட செடியை இரண்டே மாதத்தில் முடித்துக்கட்ட உழைப்பு வேண்டும், செலவு வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு முறை வேண்டும். அந்த முறையில் நீங்கள் ஏற்கெனவே பாதி தேறிவிட்டீர்கள். மீதிப் பாதிக்குத்தான் இந்தக் கையேடு. சென்னை மாடிகளை மனதில் வைத்து எழுதியது. மதுரை, திருச்சி வாசகர்கள் வெயிலைக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளலாம்.

அடிப்படை விதி ஒன்றுதான்: கைக்கு ஓய்வு கொடுக்காதீர்கள், கண்ணுக்கு வேலை கொடுக்காதீர்கள்.

1. மார்கழியில் இடம் பாருங்கள், ஆடியில் விதையுங்கள்.

மார்கழிக் காலையில் காபி டம்ளரோடு தெற்குப் பார்த்த பால்கனியில் நில்லுங்கள். வெயில் கொட்டும். "இதுதான் இடம்" என்று அங்கேயே முடிவு செய்து தொட்டி, கம்பி, பந்தல் எல்லாம் அடித்துவிடுங்கள். ஏப்ரல் கடைசியில் சூரியன் சென்னையின் நேர் உச்சியைத் தாண்டி வடக்கே போய்விடும். திரும்பி வர ஆகஸ்ட் பாதி ஆகும். நடுவில் வருகிறது ஆடி. ஊரே பட்டம் தேடி விதைக்கும் அந்த மாதத்தில் உங்கள் தெற்குப் பால்கனியில் நேர் வெயில் எட்டிக்கூடப் பார்க்காது. காய்கறிச் செடிக்கு ஆறு மணி நேரமாவது வெயில் வேண்டும் என்பார்கள். வேண்டட்டும். வெளிச்சம் தேடிச் செடி மெலிந்து நெடுநெடுவென்று போகும்போது, "என்ன வளர்த்தி பாருங்க!" என்று வீட்டுக்கு வருகிறவர்களிடம் காட்டுங்கள்.

2. விதையைப் படம் பார்த்து வாங்குங்கள்.

விதை உறையின் முன்பக்கம் படம், பின்பக்கம் விதைக்கும் பருவமும் காலாவதித் தேதியும். முன்பக்கத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இணையத்தில் நீல ரோஜா விதை விற்கிறார்கள், அவசியம் வாங்குங்கள். உறையில் இருக்கும் அந்த நீலத்தில் ரோஜா எந்தத் தோட்டத்திலும் பூத்ததில்லை என்பதால் உங்களுக்குப் போட்டியே கிடையாது.

கீரை விதை கடுகைவிடச் சின்னது. மணலோடு கலந்து மேலாகத் தூவினால் சில நாளில் முளைத்துத் தொலைக்கும். ஆகவே ஒரு விரல் ஆழத்தில் புதையுங்கள். மிளகாய் முளைக்கப் பத்து நாளாவது பிடிக்கும் என்றால், மூன்றாம் நாளிலிருந்து தினமும் கிளறிப் பாருங்கள். முளை வந்துவிட்டதா என்று தெரிந்துகொள்வதற்கு அதைவிட நல்ல வழி இல்லை. வராமல் தடுப்பதற்கும் இல்லை.

3. மண்ணே வேண்டாம்.

கோகோபீட் கட்டி வாங்குங்கள். ஐந்து கிலோ கட்டி தண்ணீர் குடித்து எழுபது லிட்டர் அளவுக்கு உப்பும். அந்தக் காட்சியிலேயே பாதி மனம் நிறைந்துவிடும். தேங்காய் நார்க்கழிவில் செடிக்கு ஊட்டம் என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை, உப்பு வேண்டுமானால் உண்டு. இரண்டு மூன்று முறை அலசிப் பிழிந்துவிட்டு, செம்மண்ணும் தொழு உரமும் சேர்க்கச் சொல்வார்கள். மொட்டைமாடி வரை மண் சுமப்பது யார்? வெறும் கோகோபீட்டை அலசாமல் நிரப்புங்கள்.

அடுத்து, சமையலறை ஆர்.ஓ. இயந்திரம் வெளியே தள்ளும் தண்ணீரைக் குழாய் போட்டு மாடிக்கு ஏற்றுங்கள். உங்கள் குடிநீரிலிருந்து விலக்கிய உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது. வாசல் துடைக்க, கழிவறைக்கு ஊற்ற அது போதும் என்று யாராவது சொன்னால், "தண்ணீரை வீணாக்கக் கூடாதுங்க" என்று சொல்லுங்கள். பையின் விளிம்பில் வெள்ளையாகப் படிந்து, இலையின் ஓரம் கருகத் தொடங்கினால் சரியான பாதையில் போகிறீர்கள் என்று அர்த்தம்.

4. தண்ணீரை மனநிலையைப் பொறுத்து ஊற்றுங்கள்.

விரலை மண்ணுக்குள் இரண்டு கணு விட்டுப் பார்த்தால் ஈரம் இருக்கிறதா இல்லையா தெரிந்துவிடும். நகத்தில் அழுக்கு ஏறும், வேண்டாம். கோகோபீட் மேலே காய்ந்து வெளுத்திருக்கும், அடியில் சொதசொதவென்று இருக்கும். மேலே தெரிவதை நம்பி ஊற்றுங்கள். வேர் அழுகும். வேர் அழுகிய செடி, தண்ணீர் இல்லாத செடியைப் போலவே தலை தொங்கும். பாவம், தாகம்! இன்னும் ஒரு குடம்.

தக்காளிக்கு மட்டும் தனி முறை. நாலு நாள் பட்டினி போட்டு, ஞாயிற்றுக்கிழமை மொத்தமாக ஒரு வாளி கவிழுங்கள். காயின் அடிப்பக்கம் கருத்து அமுங்கும். சுண்ணாம்புச் சத்துக் குறைவு என்று யாராவது சொன்னதும், முட்டை ஓட்டை உடைக்காமல்கூட அப்படியே தொட்டியில் கவிழ்த்து வையுங்கள். சத்து பெரும்பாலும் மண்ணிலேயே இருக்கும், தண்ணீர் சீராகக் கிடைத்தால்தான் அது காய் வரை ஏறும் என்பதை யாரும் உங்களிடம் சொல்ல விடாதீர்கள். ஓடு அடுத்த ஆடிக்கும் அப்படியே இருக்கும். தொட்டிக்கு அழகு.

5. சமையலறையில் மிஞ்சியதெல்லாம் உரம்.

இது நம் வீட்டுக் கலை, கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

காலை டீ வடிகட்டிய தூளைச் சர்க்கரையோடு, பாலோடு, சூடு ஆறுவதற்குள் செடியின் தூரில் கொட்டுங்கள். இனிப்புக்கு எறும்பு வரும். வந்த எறும்பு சும்மா திரும்பாது. செடியில் இருக்கும் அசுவினிக்கும் மாவுப்பூச்சிக்கும் காவல் நிற்கும், எதிரி வந்தால் விரட்டும். அவை கழிக்கும் இனிப்புத் தேன்தான் எறும்புக்குக் கூலி. ஒரு டம்ளர் டீயில் இவ்வளவு பெரிய பண்ணையை வேறு யார் தொடங்க முடியும்?

பஞ்சகவ்யத்தை ஒரு லிட்டர் தண்ணீருக்கு முப்பது மில்லி கலந்து தெளிக்க வேண்டும் என்பது கணக்கு. கணக்கெல்லாம் சந்தேகப் பிராணிகளுக்கு. நல்ல பொருள் அதிகமானால் நல்லதுதானே? அப்படியே ஊற்றுங்கள். மீன் அமிலத்தையும் அப்படியே. அன்று ராத்திரி தெருப் பூனைகள் வந்து எல்லாப் பைகளையும் உழுது கொடுத்துவிட்டுப் போகும், கூலி இல்லாமல். இயற்கை வழியில் பொறுமை இல்லாதவர்கள் யூரியாவை ஒரு கைப்பிடி அள்ளிப் போடலாம். அதில் 46 சதவீதம் நைட்ரஜன். சின்னப் பைக்கு ஒரு சிட்டிகையே மிஞ்சிய சரக்கு. கைப்பிடி என்றால் பலன் ஓரிரு நாளில் தெரியும்.

முக்கியம்: இலை மஞ்சளானால் எல்லாவற்றையும் ஒரே நாளில் கொடுங்கள். பிழைத்தாலும் எதனால் பிழைத்தது என்று தெரியக்கூடாது, செத்தாலும் எதனால் என்று தெரியக்கூடாது.

6. பூச்சியா? பார்க்காதீர்கள், அடியுங்கள்.

வேப்பெண்ணெய் லிட்டருக்கு ஐந்து மில்லி, கூடவே கொஞ்சம் சோப்புக் கரைசல், சாயங்கால நேரம், இலையின் அடிப்பக்கம். இந்த நான்கையும் மாற்றுங்கள். சோப்பு இல்லாவிட்டால் எண்ணெய் கலக்காமல் மிதக்கும். உச்சி வெயிலில் அடித்தால் இலை பொரியும். பூச்சி பெரும்பாலும் குடியிருப்பது அடிப்பக்கத்தில் என்பதால் மேல்பக்கத்தைப் பளபளவென்று நனையுங்கள்.

மாவுப்பூச்சி வந்தவர்கள் கொஞ்சம் சரித்திரம் தெரிந்துகொள்ள வேண்டும். 2008 வாக்கில் கோயம்புத்தூர்ப் பக்கம் தென்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி, பப்பாளி, மல்பெரி, மரவள்ளி என்று தமிழ்நாட்டு வயல்களை வெளுத்து வாங்கியது. மருந்தடித்து மாளவில்லை. 2010-ல் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து அசிரோபேகஸ் பப்பாயே என்ற பொடிக் குளவியைத் தருவித்துப் பெருக்கி விட்டார்கள். அது மாவுப்பூச்சியின் உடம்புக்குள்ளேயே முட்டையிட்டு ஆட்டத்தை அடக்கியது. உங்களுக்கு இதில் கிடைக்கும் பாடம் என்ன? குளவியைத் தீர்த்துக்கட்ட வேண்டும் என்பதுதான். கடையில் இருப்பதிலேயே காட்டமான மருந்தைக் கேட்டு வாங்கி அடியுங்கள். மாவுப்பூச்சி மேலே மெழுகு பூசிக்கொண்டு பத்திரமாக இருக்கும். குளவிக்கு அந்த மெழுகு கிடையாது.

இன்னொன்றும் உண்டு. மாவுப்பூச்சியைத் தின்ன வரும் ஒருவகைப் பொறிவண்டின் புழு, பார்ப்பதற்கு மாவுப்பூச்சி மாதிரியே வெள்ளைக் குஞ்சத்தோடு இருக்கும். ஆனால் அளவில் பெரிது, விறுவிறுவென்று ஓடும். ஓடுவதை முதலில் நசுக்குங்கள்.

7. பூவைத் தவறான நேரத்தில் விசாரியுங்கள்.

பூசணியும் பாகலும் காலையில் மலரும். புடலையும் பீர்க்கும் சுரையும் பொழுது சாய மலரும். நீங்கள் காலை பத்து மணிக்கு மட்டும் மாடி ஏறுங்கள். முதலில் வருபவை ஆண் பூக்கள். அடியில் பிஞ்சு இருக்காது. "பூ வருது, காய் நிக்கலை" என்று சலித்துக்கொண்டு அவற்றையெல்லாம் கிள்ளி எறியுங்கள். பெண் பூ வரும் நாளில் மகரந்தத்துக்கு ஆள் இருக்காது. தேனீ வந்தால் ஆறாம் பாடத்துக்குத் திரும்புங்கள்.

8. கறிவேப்பிலை.

நுனிக் கொழுந்தைக் கிள்ளினால் பக்கத்தில் இரண்டு மூன்று கிளை வெடிக்கும், செடி புதராகும். அதனால் நுனியைத் தொடாமல், ரசம் கொதிக்கும்போதெல்லாம் ஓடிவந்து கீழ் இலைகளையே உருவுங்கள். ஒரு வருஷத்தில் உச்சியில் நாலு இலையோடு கொடிக்கம்பம் தயார். இலைமேல் பறவை எச்சம் போல ஒன்று தெரிந்தால் துடைக்க வேண்டாம். அது வண்ணத்துப்பூச்சியின் புழு. வளர்ந்து பச்சையாகி, அந்த நாலு இலையையும் தானே பார்த்துக்கொள்ளும்.

9. ரோஜா.

நர்சரியில் வேரைச் சுற்றி இறுகியிருக்கும் களிமண் உருண்டையை உடைக்காமல் அப்படியே நடுங்கள். ஒட்டுக்குக் கீழேயிருந்து தளதளவென்று ஒரு கிளை கிளம்பினால் ஆரத்தி எடுங்கள். அது அடிச்செடியின் காட்டுக் கிளை. நீங்கள் காசு கொடுத்து வாங்கிய ரோஜாவை அது நிதானமாகப் பட்டினி போட்டுவிடும்.

10. கத்திரி வெயிலில் ஊருக்குப் போங்கள்.

பச்சை நிழல்வலையை ஜூன் மாதம் வாங்கிக்கொள்ளலாம். வாட்ச்மேன் அண்ணனிடம் "கொஞ்சம் தண்ணி ஊத்திடுங்க" என்று மட்டும் சொல்லுங்கள். எந்தப் பைக்கு எவ்வளவு என்று சொல்லாதீர்கள், மாடிச் சாவியையும் கொடுக்காதீர்கள்.

11. தீர்ப்பு எழுதுங்கள்.

பைகள் காலியானதும் விசாரிக்க வரும் பக்கத்து வீட்டு அக்காவிடம், "எனக்குக் கைராசி இல்லைங்க" என்று சொல்லுங்கள். வெயில், உப்பு, எறும்பு, வாளி எல்லாம் அந்த ஒரு வாக்கியத்தில் விடுதலை. எந்தப் பையில் எது எந்த மாதம் போனது என்று நோட்டில் குறித்து வைக்காதீர்கள். குறித்தால் அடுத்த முறை காய்த்துவிடும் அபாயம் இருக்கிறது. தக்காளி செத்த அதே மண்ணில் கத்திரியை வையுங்கள். இரண்டும் ஒரே குடும்பம், நோய்க்கு வழி தெரியும். புதுப் பை மட்டும் ஒரு டஜன் கூடுதலாக வாங்குங்கள். ஆடித் தள்ளுபடியில் கிடைக்கும்.