‘வரட்டுமே’ மாமா

எங்கள் நகரின் கடைசித் தெருவை ஒட்டி 50 கிரவுண்டு காலிமனை ஒன்று கிடக்கிறது. வேலிக்காத்தான், உடைந்த கமோடு, யாருடையவை என்றே தெரியாத இரண்டு எருமைகள்... இவைதான் இத்தனை வருஷமாக அங்கே குடித்தனம். அந்த இடத்தில் ஷாப்பிங் காம்ப்ளெக்ஸ் வரப்போகிறது என்று பேச்சு அடிபட்ட நாளிலிருந்து, எங்கள் தெரு மாமா ஒருவருக்குக் கால் தரையில் பாவவில்லை. பெயர் வேண்டாம். உங்கள் நகரிலும் இப்படி ஒருவர் இருப்பார். இல்லையென்றால் அங்கே காலிமனை மிச்சமில்லை என்று அர்த்தம்.

‘வரட்டுமே’ என்ற பட்டம் நலச்சங்கக் கூட்டத்தில் கிடைத்தது.

“நெரிசல் வருமே சார்?”

“வரட்டுமே! நெரிசல் வந்தாத்தான் சிக்னல் வரும். சிக்னல் வந்தாத்தான் மினி பஸ் வரும்.”

“ராத்திரி பத்து மணி வரைக்கும் சத்தம் வருமே?”

“வரட்டுமே! இப்ப மட்டும் என்ன, நாய்க் கச்சேரிதானே கேக்கறீங்க?”

முதல் தெரு வாத்தியார் எழுந்து 2015 டிசம்பர் வெள்ளத்தை ஞாபகப்படுத்தினார். அந்த மனை மட்டும் அன்றைக்கு அவ்வளவு தண்ணீரை வாங்கிக்கொள்ளவில்லை என்றால், மொட்டை மாடியில் உட்கார்ந்து ஹெலிகாப்டரைப் பார்த்துக் கையாட்டியிருப்போம் என்றார். மாமா ஒரு விநாடிதான் தடுமாறினார். “கீழே ரெண்டு அடுக்கு பார்க்கிங் தோண்டுவாங்க சார். இதைவிட ஆழம். இன்னும் நிறைய வாங்கிக்கும்!”

வாத்தியார் உட்கார்ந்துவிட்டார். வாத்தியார் சொன்னதுதான் சரி. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தைப் பார்த்துச் சரிகிற பூமி எங்களுடையது. இங்கே பள்ளமாகக் கிடக்கும் காலிமனை உண்மையில் காலி இல்லை. ஆனால் எந்தக் கூட்டத்திலாவது பள்ளத்துக்குக் கைதட்டிப் பார்த்திருக்கிறீர்களா? எஸ்கலேட்டர் என்ற சொல்லுக்குத்தான் தட்டுகிறார்கள்.

மாமா ஏதோ ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் பார்த்து ஓய்வு பெற்றவர். இப்போது 2019-ஆம் வருஷத்துக் கட்டட விதிகளை விஷ்ணு சகஸ்ரநாமம் மாதிரி ஒப்பிக்கிறார். எஃப்.எஸ்.ஐ. என்றால் என்ன என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன். “இட்லிப் பானையை நினைச்சுக்கோ. பானை அகலம் ஒண்ணுதான். தட்டு எத்தனை அடுக்கறே, அதுதான் எஃப்.எஸ்.ஐ. ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி. எஃப்.எஸ்.ஐ. 2-ன்னா 4,800 சதுர அடி கட்டலாம்.” பிறகு குரலைத் தாழ்த்தி, “10,000 சதுர மீட்டரைத் தாண்டின மனைன்னா பத்து சதவீதம் திறந்தவெளியா எழுதிக் கொடுத்தாகணும். நம்ம 50 கிரவுண்டு தாண்டிடறது. கிட்டத்தட்ட அஞ்சு கிரவுண்டு பார்க்!” என்றார். அந்தப் பூங்காவில் தனக்கான பெஞ்சு எந்த மரத்தடியில் என்பதையும் முடிவு செய்துவிட்டார். மரம் இன்னும் நடப்படவில்லை.

சரித்திரமும் கைவசம் உண்டு. வடபழனியில் விஜயா வாஹினி ஸ்டூடியோ நிலத்தில்தான் 2013-இல் மால் வந்தது. எக்ஸ்பிரஸ் அவென்யூ 2010-இல் திறந்த இடத்தில் ஒரு காலத்தில் மெட்ராஸ் கிளப் துரைமார்கள் சீட்டாடினார்கள். “சினிமாக்காரனும் வெள்ளைக்காரனுமே இடம் விட்டுக் கொடுத்திருக்கான். எருமைக்கு என்ன கேடு?” என்பது அவருடைய வாதம். எருமைகள் தரப்பில் பதில் இல்லை.

இவ்வளவு ஆதரவு காட்டுகிறவர் அங்கே என்னதான் வாங்கப்போகிறார்? ஒன்றுமில்லை. கீரை, சைக்கிளில் வரும் அம்மாவிடம். அதுவும் ஒரு கட்டுக்கு இரண்டு ரூபாய் குறைத்து. மளிகை, எதிர்வரிசை வீட்டுக் கீழ்த்தளத்து அண்ணாச்சி கடையில், மாதக் கணக்கு. வேட்டி, வருஷத்துக்கு ஒருமுறை ஆடித் தள்ளுபடியில், தி.நகரில் முழங்கை பட்டு முழங்கை பட்டு வாங்கினால்தான் அது வேட்டி.

அவருக்கு வேண்டியது குளிர்ச்சி. டாக்டர் தினம் முக்கால் மணி நேரம் நடக்கச் சொல்லியிருக்கிறார். எங்கள் தெருவில் நடப்பதென்றால் ஒரு கண் சாக்கடை மூடியிலும் மறு கண் நாயிலும் இருக்க வேண்டும். அக்னி நட்சத்திரத்தில் மூன்றாவது கண் வேறு தேவைப்படும். ஆகவே சீனியர் சிட்டிசன் டோக்கனில் பஸ் ஏறி வேளச்சேரி மாலுக்குப் போய், ஏசியில் நாலு சுற்று நடந்து, வீட்டிலிருந்து கொண்டுபோன மோரைக் குடித்துவிட்டுத் திரும்புகிறார். எந்த மாலில் எந்த மாடியில் கழிப்பறை சுத்தம் என்று அவரைக் கேட்கலாம். ராமேசுவரத்துப் பண்டா தீர்த்தக் கிணறுகளைச் சொல்வது போல வரிசையாகச் சொல்வார். “அங்கேயே ஒரு பாப்கார்ன் வாங்கினா என்ன மாமா?” என்று ஒருநாள் கேட்டேன். விலையைச் சொன்னார். சொல்லும்போதே மறுபடி வியர்த்தது.

நிலத்தின் விலை ஏறும் என்கிற கணக்கும் இருக்கிறது. தினம் காலையில் காபியோடு தன் அரை கிரவுண்டைப் புது விலையால் பெருக்கிப் பார்ப்பார். விற்பாரா? “வித்துட்டு எங்கே போறது?” என்று மாமி கேட்டால் பதில் வராது. பெருக்கலோடு சரி.

எதிர்ப்பு மனு எழுதுவதுதான் ஊர் வழக்கம். மாமா, கட்டட அனுமதி தரும் சி.எம்.டி.ஏ.வுக்கு ஆதரவு மனு எழுதினார். “மேற்படி வளாகத்தால் எங்களுக்கு யாதொரு இடைஞ்சலும் இல்லை, தாமதம் ஒன்றே இடைஞ்சல்” என்று தொடங்கும் அந்த மனுவுக்குக் கையெழுத்து வாங்க, வீடு வீடாக ஏறினார். கூடத் துணைக்கு நான். அப்போதுதான் ஒன்று தெரிந்தது. எங்கள் நகரில் காம்ப்ளெக்ஸை எதிர்ப்பவர்கள் என்று உண்மையில் யாருமில்லை. எல்லோரும் பேனாவைத் திறந்துவிட்டு ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: “வாசல் எந்தத் தெரு பக்கம்?” இரண்டாம் தெருவுக்கு மூன்றாம் தெருவில் வைத்தால் சம்மதம். மூன்றாம் தெருவுக்கு இரண்டில் வைத்தால் முழுச் சம்மதம். வாத்தியார்கூட, லாரி வேறு வழியாகப் போகும் என்றால் யோசிக்கலாம் என்றார்.

அண்ணாச்சியிடம் போகத்தான் எனக்குக் கூச்சமாக இருந்தது. மாமாவுக்கு அதெல்லாம் கிடையாது. அண்ணாச்சி மனுவை முழுக்க வாசித்தார். “நல்லா எழுதியிருக்கீய சார். எங்க போடணும்?” என்று கையெழுத்துப் போட்டார். பிறகு அதே பேனாவால் கணக்கு நோட்டைத் திறந்து, “துவரம்பருப்பு அரைக் கிலோ, போன வாரம் எழுத விட்டுப் போச்சு” என்று எழுதிக்கொண்டார்.

போன மாதம் யாரோ வரைபட நகலைக் கொண்டுவந்தார்கள். கார்கள் வெளியேறும் வழி, அளந்து வைத்தாற்போல, மாமா வீட்டுக்கு நேர் எதிரே. ராத்திரி முழுக்க ஹெட்லைட் வெளிச்சம் அவர் படுக்கையறைச் சுவரில் ஓடும். இனி மாமா கட்சி மாறிவிடுவார் என்று தெருவே காத்திருந்தது.

அவரோ வரைபடத்தைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறை. “முப்பது வருஷமா யார் வழி கேட்டாலும், மெயின் ரோட்டுல இறங்கி, டிரான்ஸ்ஃபார்மரைத் தாண்டி, குப்பைத்தொட்டிகிட்ட திரும்புங்கன்னு சொல்லிச் சொல்லி என் சம்பந்தியே வர்றதை நிறுத்திட்டார். இனிமே ஒரே வரி: மால் எக்ஸிட்டுக்கு எதிர்வீடு!”

அந்த நேரம் பார்த்து அவருடைய போன் அடித்தது. மாத்திரை கொண்டுவரும் பையன், வழி தெரியாமல் நின்றான். மாமா தொண்டையைச் செருமிக்கொண்டு, வராத மாலின் வராத வாசலைச் சொல்லி, அதற்கு நேர் எதிரே என்றார்.

“மாலா?” என்று அந்தப் பக்கம் பையன் யாரிடமோ விசாரிப்பது கேட்டது. பிறகு, “சார், அண்ணாச்சி கடைக்கு எதிர்லதானே? தோ வந்துட்டேன்.”