காய்ந்த கல்லை ஊறவைத்தலின்கண் எழும் ஐயங்களும் யான் கண்ட முடிபுகளும்

பாயிரம்

உப்புநீர் மீன்தொட்டி வைக்க ஆசைப்படுகிறவன் முதலில் மீன் வாங்கக் கூடாது. கல்லைக் கவனிக்க வேண்டும். இதைக் கொளத்தூரில் வண்ணமீன் விற்கும் ஒருவர் எனக்கு ஒரே நிமிடத்தில் சொல்லி முடித்தார். "கல்ல தேய்ச்சுக் கழுவுங்க சார், உப்புத்தண்ணில ஊறப்போடுங்க, நாத்தம் போற வரைக்கும் தண்ணிய மாத்துங்க, அப்புறம் வாங்க." அவ்வளவுதான். ஒரு நிமிடத்தில் சொல்லக்கூடியதை இயல் இயலாகப் பிரித்து, யாரும் படிக்க முடியாதபடி எழுதுவதற்கு ஆய்வு என்று பெயர். ஓய்வுபெறும்வரை ஒரு கல்லூரித் தமிழ்த்துறையில் காலம் தள்ளியவன் என்பதால் இதைச் சொல்லும் தகுதி எனக்கு உண்டு.

ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட கற்கள் ஆறு. மொத்த எடை எட்டுக் கிலோ. வெளியூருக்கு மாற்றலாகிப் போன என் மைத்துனர், தொட்டியை விற்றுவிட்டுக் கற்களை மட்டும் எங்கள் மொட்டைமாடியில் போட்டுவிட்டுப் போனார். இரண்டு கத்திரி வெயில் அவற்றின்மேல் அடித்து ஓய்ந்தது. துணி காயப்போடும் கொடிக்கம்பத்துக்கு முட்டுக்கொடுக்க ஒரு கல் பயன்பட்டதாக அகச்சான்று உண்டு.

இயல் 1: பெயர்க் காரணம்

கடலில் செத்த பவளத்தின் சுண்ணாம்புக்கூட்டில் பாக்டீரியா, கடற்பஞ்சு, புழு, ஊதாநிறப் பாசி எல்லாம் குடியேறிவிட்டால் அதற்கு லைவ் ராக் என்று பெயர். அதையே வெளியே எடுத்துக் காயவைத்தால் டிரை ராக். குடியிருந்தவை செத்தபின்னும் வீட்டைக் காலிசெய்வதில்லை. துளைகளுக்குள்ளேயே வற்றிக் கிடக்கின்றன. தண்ணீர் பட்டதும் அழுகுகின்றன. ஆய்வுக்குரிய சிக்கல் முழுவதும் இவ்வளவுதான். மீதி இயல்கள் அளவு கருதி எழுதப்பட்டவை.

தமிழில் பவளக்கல்லுக்கு முருகைக்கல் என்ற நல்ல பெயர் இருக்கிறது. இலங்கைப் பாடநூல்களில் பவளப்பாறை என்பது முருகைக்கற்பாறைதான். 1964 புயலில் அழிந்த தனுஷ்கோடியில் இன்றும் நிற்கும் தேவாலயச் சுவர்கள் இந்தக் கல்லால் கட்டியவை. முருகைக்கும் முருகனுக்கும் உறவு உண்டா என்று கேட்காமல் எந்தச் சொல்லாய்வும் நிறைவு பெறாது. கேட்டுவிட்டேன். நிறைவு பெற்றது.

இயல் 2: சட்டம்

இந்தியாவில் பாறை கட்டும் பவளம், உயிரோடிருந்தாலும் செத்ததானாலும், 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பதால், என் மைத்துனர் வைத்திருந்தவை சிமென்டும் சுண்ணாம்பு மணலும் கலந்து வார்த்து, தொட்டியில் கிடந்து அதே குடிகளை ஏற்றுக்கொண்ட போலிக்கற்களே; போலி ஆய்வுக்கு அவை பொருத்தமானவை.

இயல் 3: முன்னோர் ஆய்வுகள்

ஜகார்த்தாவில் இருந்த லீ சின் எங் என்பவர், உயிருள்ள கல்லையும் காற்றுக்குமிழியையும் மட்டும் வைத்துக்கொண்டு கடல்மீன் வளர்க்கலாம் என்று 1961இல் ஒரு மீன்வளர்ப்பு இதழில் எழுதினார். அதற்கும் எழுபது ஆண்டு முன்னால், அம்மோனியாவைத் தின்று வாழும் நுண்ணுயிர்கள் உண்டென்று செர்கேய் வினோகிராத்ஸ்கி என்ற ரஷ்யர் காட்டியிருந்தார். இருவரும் என்னை எங்கும் மேற்கோள் காட்டவில்லை. அக்குறையை நானே தீர்த்துக்கொண்டேன்: இக்கட்டுரையில் என்னை நான் நான்கு இடங்களில் மேற்கோள் காட்டியிருக்கிறேன். பதவி உயர்வுக்கு இது போதும் என்று கேள்வி.

இயல் 4: தேய்த்தல், வெளுத்தல், கரைத்தல்

தேய்த்தலுக்குப் பழைய பல்துலக்கி வேண்டும். எது பழையது என்பதில் எங்கள் வீட்டில் இரு கருத்து உண்டு. நான் பழையது என்று கொண்டது நீலநிறத் துலக்கி. அது போன வாரம்தான் வாங்கியது என்பார் என் மனைவி. (காண்க: மளிகைச் சீட்டு, மே மாதம், வரி 11.)

வெளுத்தலாவது, பத்துப் பங்கு தண்ணீருக்கு ஒரு பங்கு பிளீச் கலந்து கல்லைச் சில நாள் மூழ்கவைப்பது. செத்தது, சாகாதது எல்லாம் போய்விடும். பிறகு நன்றாக அலசி, குளோரின் வாடை அறவே போகும்வரை காயவைக்க வேண்டும்; குளோரின் முறிக்கும் மருந்து சேர்த்த தண்ணீரில் ஒருமுறை ஊறவைப்பாரும் உளர்.

கரைத்தலாவது, கல்லை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் போடுவது. அமிலம் சுண்ணாம்பைத் தின்னும்; கல்லின் மேல்தோல் நுரைத்துக் கழன்று, பாஸ்பேட் ஏறிய பகுதியும் அதோடு போகும். கல்லைத் தூய்மை செய்யக் கல்லையே கரைக்கும் இந்த முறை எனக்குப் புதிதன்று. மூலத்தில் பிழை திருத்தப் புகுந்து, பதிப்பு முடிந்தபோது மூலத்தையே காணாமற் செய்த பதிப்பாசிரியர் ஒருவரிடம் நான் பாடம் கேட்டவன். ஒன்றுமட்டும் விளையாட்டில்லாமல் சொல்கிறேன்: பிளீச்சும் அமிலமும் ஒரே வாளியில் சேரக் கூடாது, நச்சுவாயு கிளம்பும். அமிலத்தைத் தண்ணீரில் ஊற்ற வேண்டும். தண்ணீரை அமிலத்தில் ஊற்றக் கூடாது.

நான் இரண்டையும் தவிர்த்து, தேய்த்துக் கழுவி நேரே ஊறப்போடும் மரபைச் சேர்ந்தவன். அதன் பயன் இயல் 6இல் விரியும்.

இயல் 5: உப்பு

சமையல் உப்பு ஆகாது, கல்லுப்பும் ஆகாது. கடல்நீர் வெறும் சோடியம் குளோரைடு அன்று. கால்சியம், மக்னீசியம் எல்லாம் அளவாகச் சேர்த்த கடலுப்புக் கலவை என்று கடையில் தனியாக விற்கிறார்கள். லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம். 40 லிட்டர் டிரம்முக்கு 1.4 கிலோ. கரைந்ததும் ஒப்படர்த்தி 1.025 காட்ட வேண்டும். தண்ணீர் ஆர்.ஓ. தண்ணீராக இருப்பது நலம். ஒரே பகலில் சமையலறை ஆர்.ஓ.விலிருந்து 40 லிட்டர் பிடித்தால் என்ன நடக்கும் என்பது வேறோர் ஆய்வுக்கு உரியது.

இங்கே ஒரு சுவடிச் சிக்கல் குறுக்கிடுகிறது. மேற்படி மே மாத மளிகைச் சீட்டில், 'துவரம்பருப்பு 2 கிலோ' என்ற வரிக்கும் 'புளி அரைக்கிலோ' என்ற வரிக்கும் இடையில், 'கடலுப்பு 5 கிலோ' என்று என் கையெழுத்தில் இருக்கிறது. அதன் ஓரத்தில், வேறு மையில், வேறு கையால், 'இது எதுக்கு?' என்று ஒரு குறிப்பு. மூல ஆசிரியர் தம்மையே இவ்வாறு வினவ மாட்டார் ஆதலின் இக்குறிப்பைப் பிற்கால இடைச்செருகல் என்று கொள்கிறேன். அதே கை, பால் கணக்கு நோட்டின் பின்னட்டையிலும், மின்கட்டண அட்டையின் மேல் இடப்பக்க மூலையிலும் ('மோட்டார் ராத்திரி பூரா ஓடுது'), கேஸ் புத்தகத்துக்குள் நான்காக மடித்து வைத்த கல்யாணப் பத்திரிகையின் உள்ளுறையிலும் ('வாளி இன்னும் பாத்ரூம்லயே இருக்கு') தென்படுகிறது. மூன்றையும் எழுதியவர் ஒருவரே என்பது என் துணிபு. யார் என்பது தெரியும்; அறிவித்தால் ஆய்வு முடிந்துவிடும்.

இயல் 6: நாற்றத்திணை

ஊறத் தொடங்கிய மூன்றாம் நாள் கல் பேசத் தொடங்கியது. நாற்றம் என்னும் சொல் பண்டு நறுமணத்தையே குறித்தது என்பதை இங்கே பதிவு செய்ய வேண்டும். மனைவியிடமும் எடுத்துரைத்தேன். "அப்ப நீங்களே பக்கத்துல படுத்துக்குங்க" என்றார்.

எதை எடுத்தாலும் அதில் ஐந்திணை காண்பது நம் துறையின் பழக்கம். திரைப்படத்தில் திணை, விளம்பரத்தில் திணை, பேருந்து நிலையத்தில் திணை என்று கருத்தரங்குகளில் கேட்டுக் கேட்டு, பொன்னாடைக்காகக் கைதட்டியவன் நான். ஆகவே ஊறல் டிரம் எங்கள் வீட்டில் இடம்பெயர்ந்த வரலாற்றைத் திணைவழி ஆராய்வது என் உரிமை; எவரும் தடுக்க முடியாது.

முதலில் அது இருந்தது குளியலறை. நீர்வளம் மிக்க நிலம் ஆதலின் இது மருதம். உரிப்பொருள் ஊடல் என்பதற்குத் தனிச்சான்று வேண்டியதில்லை. பொழுது வைகறை, அப்போதுதான் எல்லாருக்கும் குளியலறை வேண்டும். பறை, வெளியிலிருந்து கதவு தட்டும் ஓசை.

இரண்டாவதாக, பால்கனி. மணிப்பிளான்ட், துளசி, கறிவேப்பிலைத் தொட்டிகள் சூழ்ந்திருத்தலின் இது காடும் காடு சார்ந்த இடமும்; எனவே முல்லை. உரிப்பொருள் இருத்தல். வாடை போகும்வரை யாரும் பால்கனிக் கதவைத் திறக்காமல் உள்ளேயே ஆற்றியிருந்தனர். துளசிக்கும் இதற்கும் ஆகாது என்று தீர்ப்பானது ஐந்தாம் நாள்.

மூன்றாவதாக, மொட்டைமாடி. உயர்ந்த நிலம், குறிஞ்சி. உரிப்பொருளாகிய புணர்ச்சிக்கு இங்கே இடம் ஏது என்று கேட்பின், நானும் மூன்றாம் மாடி ஓய்வுபெற்ற வங்கி அதிகாரியும் அங்கேதான் முதன்முதலாக ஒருவரையொருவர் கண்டோம். அவர் வற்றல் காயப்போட வந்திருந்தார். இது இயற்கைப் புணர்ச்சி அன்று, இடந்தலைப்பாடும் அன்று, "சார், எலி ஏதாச்சும் செத்துப் போச்சா?" என்று அவர் தொடங்கினார். கருப்பொருள்: காகம், வற்றல், மூன்று எக்ஸ்டென்ஷன் வயர்கள். தண்ணீரைச் சுழற்றும் மோட்டாருக்கு மின்சாரம் படியேறி வரவேண்டுமல்லவா?

நான்காவதாக, கீழே கார் நிறுத்துமிடத்தில் ஜெனரேட்டருக்குப் பின்புறம். செடி இல்லை, காற்று இல்லை, மனிதர் இல்லை. பாலை. உரிப்பொருள் பிரிவு. பிரிந்தவன் நான். இரவு பத்துமணிக்கு டார்ச் விளக்கோடு இறங்கிப்போய் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு வருவேன். காவலாளி மட்டும் நடுச்சுரத்துக் கண்டோர் போல இரங்கிப் பேசுவார்.

எஞ்சியது நெய்தல். அது டிரம்மின் உள்ளேயே இருக்கிறது: உப்புநீர், இருட்டு, இரங்கல். நெய்தல் வறண்டாலும் பாலையாகும் என்று எந்த இலக்கண நூலும் சொன்னதாகத் தெரியவில்லை. இரண்டு கோடை மொட்டைமாடியில் கிடந்த கல் சொல்கிறது. அந்தப் பாலையை மீண்டும் நெய்தலாக்குவதே இந்த ஆய்வின் நோக்கம் என்று தொடக்கத்திலேயே எழுதியிருந்தால் முனைவர் பட்டமே கிடைத்திருக்கும்.

மூடியை ஏன் மூடிவைக்க வேண்டும் என்று கேட்பின், வெளிச்சம் பட்டால் பாசி பிடிக்கும். கல் உறிஞ்சிவைத்திருக்கும் பாஸ்பேட்டை மெல்ல மெல்லக் கக்கும். பாசிக்கு அது விருந்து. தண்ணீரை ஏன் மாற்ற வேண்டும் என்று கேட்பின், பழுப்பு நிறமாகிவிட்ட பிறகு கேட்கத் தோன்றாது. நான் ஐந்து முறை மாற்றினேன். ஏழு கிலோ உப்பு.

இயல் 7: வெப்பம்

வெளிநாட்டு நூல்கள் ஹீட்டர் போட்டு 25 பாகையில் வைக்கச் சொல்கின்றன. மே மாதச் சென்னையில் எழுதப்பட்ட நூல் ஒன்றும் அவற்றுள் இல்லை.

இயல் 8: சைக்கிள்

நாற்றம் அடங்கினால் கல் தூய்மையானது என்பதுதான் பொருள். உயிர் பெற்றது என்பதன்று. காய்ந்த கல்லில் வேலைசெய்யும் பாக்டீரியா இருக்காது. ஓடும் தொட்டி ஒன்றிலிருந்து பஞ்சோ கல்லோ ஒரு துண்டு வாங்கிப் போட வேண்டும், அல்லது கடையில் புட்டியில் விற்பதை ஊற்ற வேண்டும். அவற்றுக்குத் தீனியாகக் கொஞ்சம் அம்மோனியா. ஒருவகை நுண்ணுயிர் அம்மோனியாவை நைட்ரைட் ஆக்கும். இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட் ஆக்கும். முன்னிரண்டும் மீனுக்கு நஞ்சு. மூன்றாவது அவ்வளவு கொடியது அன்று; தண்ணீர் மாற்றிக் குறைத்துக்கொள்ளலாம். இதற்கு நாலு முதல் ஆறு வாரம் பிடிக்கும். இதைத்தான் கடையில் 'சைக்கிள்' என்பார்கள். "சைக்கிள் முடிஞ்சுதா சார்?" என்று கடைக்காரர் தொலைபேசியில் கேட்டதை ஒட்டுக்கேட்ட மேற்படி வங்கி அதிகாரி, இந்த வயதில் எனக்கு எதற்கு சைக்கிள் என்று என் மனைவியிடம் விசாரித்திருக்கிறார்.

அம்மோனியா போய்விட்டதா என்று அறிய, சோதனைக் குழாயில் சொட்டுமருந்து விட்டு, வரும் நிறத்தை அட்டையோடு ஒப்பிட வேண்டும். மஞ்சள் என்றால் சுழி. பச்சை ஏற ஏற அம்மோனியா அதிகம். இடையில் உள்ளது மஞ்சளா, பச்சை கலந்த மஞ்சளா என்பதே உலகின் மிகப் பெரிய பாடபேதம். டியூப்லைட்டில் ஒரு பாடம், சன்னலோரம் ஒரு பாடம். நான் பச்சை என்றேன். என் மகள் மஞ்சள் என்றாள். குழாயைக் கையில் வாங்கிப் பார்த்த காவலாளி, "எலுமிச்சம்பழம் மாதிரி இருக்கு ஐயா" என்று உரை கண்டார். எலுமிச்சம்பழம் காயா, பழமா என்று நான் கேட்டதற்கு அவர் விடை சொல்லவில்லை. மூன்று நாள் காத்திருந்தேன். நான்காம் நாள் டியூப்லைட்டிலும் சன்னலோரத்திலும் அது மஞ்சள். நைட்ரைட்டும் சுழி. ஊறல் முற்றுப்பெற்றது என்று அன்றைய நாளில், அதாவது ஆனி மாதம் பதினான்காம் நாளில், நானே முதன்முதலாகக் கண்டறிந்து அறிவித்தேன்.

பிற்சேர்க்கை

கட்டுரை அச்சுக்குப் போகும் நேரத்தில் ஒரு புதிய ஆவணம் கிடைத்துள்ளது. சமையலறைச் சுவரில் தொங்கும் நாள்காட்டியின் ஆனி பன்னிரண்டாம் தேதித் தாள், கிழித்துப் பின்புறம் கோலப்புள்ளி போட்டுப் பார்த்தது. அதன் கீழ்ப்பகுதியில், இயல் 5இல் குறித்த அதே கையால், 'பாக்டீரியா புட்டி ஊத்தி அஞ்சு வாரம் ஆச்சு. தண்ணி தெளிஞ்சிருக்கு, வாடையே இல்ல. மேல கொண்டு வரச் சொல்லணும்' என்று எழுதியிருக்கிறது. என் கண்டுபிடிப்புக்கு இது இரண்டு நாள் முந்தியது.

இதையும் இடைச்செருகல் என்று கொண்டு விலக்கிவிட்டேன்.