இருநிற டுராண்டாவின் கவாத்தும் பச்சைக் கிளையின் கலகமும்: ஜவ்வாது மலை முற்றங்களை முன்வைத்து

இருநிற டுராண்டா, பச்சை இலைக்கு வெள்ளையிலோ வெளிர்மஞ்சளிலோ வேட்டிபோல் கரை வைத்த புதர்ச்செடி. தாயகம் மெக்சிகோ, கரீபியத் தீவுகள், தென்னமெரிக்கா. இத்தாலிய மருத்துவர் காஸ்டோர் துரான்டேயின் பெயரை இதற்குச் சூட்டியவர் லின்னேயஸ். முள், உருண்டைப் பழம், கரையிட்ட இலை என மும்முனைத் தகுதியும் இருப்பதால், ஐரோப்பிய ஹாலிச் (holly) செடிக்கு இதுவே ஜவ்வாது மலையின் மாற்று வேட்பாளர். ஹாலிக்குக் குளிர் வேண்டும். இம்மலையில் ஏறத்தாழ 725 மீட்டர் உயரத்தில் உள்ள காவலூர் அதற்கு உகந்த தொகுதி அன்று. மேலும் ஹாலியில் ஆண்செடி வேறு, பெண்செடி வேறு. அதிலும் 'கோல்டன் கிங்' என்ற ஹாலி வகை பெண். 'சில்வர் குயின்' என்ற வகை ஆண். டுராண்டாவில் இந்த அரண்மனைக் குழப்பம் கிடையாது.

விதை போட்டால் கரை வருவதில்லை; போத்துதான் வழி. மழைக்காலத்தில் ஒரு சாண் போத்தை அடியிலை உருவி நட்டால் வேர்பிடிக்கும். நல்ல வெயில் வேண்டும்.

ஆய்வின் மையச் சிக்கல் பச்சைக் கிளை. குருத்தின் நுனியில் பச்சையம் உள்ள அடுக்கும் இல்லாத அடுக்கும் கூட்டணி அமைத்திருப்பதால்தான் இலைக்குக் கரை கிடைக்கிறது. என்றாவது ஒரு கணுவில் கூட்டணி முறிந்து முழுப்பச்சைக் கிளை கிளம்புகிறது. இலை முழுதும் உணவு சமைப்பதால் அது மளமளவென ஏறி, கரைவேட்டிக்காரர்களை நிழலில் தள்ளிவிடுகிறது. கவனிக்காமல் விட்டால் புதரே பச்சையாகிவிடும்.

இதை எதிர்கொள்வதில் நுனிவெட்டுக் கட்சி, அடிவெட்டுக் கட்சி என இரண்டு உண்டு. நுனிவெட்டுக் கட்சி வேலிக் கத்தரியால் மேலே மட்டம்தட்டி, ஒரு பச்சைக் கிளையைப் பலவாக்கித் தருகிறது. பூவும் பழமும் கிளைநுனியில் வருபவை. அவையும் இந்தச் சீர்திருத்தத்தில் போய்விடும். அடிவெட்டுக் கட்சி பச்சைக் கிளையை அது பிறந்த இடத்திலேயே அறுக்கிறது. கட்டுரையின் நடுநிலை இங்கே முடிகிறது: அடிவெட்டே சரி. கிளையைக் கண்டறிய, 1986 முதல் காவலூரில் இயங்கும் 2.3 மீட்டர் தொலைநோக்கி தேவையில்லை. எதிர்வீட்டுப் பாட்டி போதும்.

சில சமயம் முழுவெள்ளைக் கிளையும் தோன்றும். அழகில் மயங்கி அதைத் தனியே நடுவது வீண். பச்சையம் இல்லாமல் பட்டுப்போகும். இன்னொரு எச்சரிக்கை: டுராண்டாவின் பழம் நச்சுடையது. குழந்தைகள் உள்ள வீட்டில் பூங்கொத்து வாடியதும் நறுக்கிவிட வேண்டும். இந்த ஒரு வேலையில் மட்டும் நுனிவெட்டுக் கட்சியை அழைக்கலாம்.