பத்து பத்தாது: ஒரு போட்டோஸ்டாட் கடைக்காரனின் நன்றிக் கடிதம்

அனுப்புநர்: போட்டோஸ்டாட் கடைக்காரன், பத்துகாஜா, பேராக், மலேசியா.

பெறுநர்: மெட்ரிகுலேஷன் இடம் யாருக்கு என்று முடிவு செய்யும், முகம் தெரியாத துவான் அவர்கள்.

பொருள்: நன்றி தெரிவித்தல்.

மதிப்புமிகு துவான்,

எல்லோரும் உங்களுக்குப் புகார்க் கடிதம்தான் எழுதுகிறார்கள். அதில் பாதி என் கடையில் டைப் செய்யப்படுகிறது, பக்கத்துக்கு இரண்டு வெள்ளி. அதனால் நானாவது நன்றி சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

மலாயில் பத்து என்றால் கல், காஜா என்றால் யானை. எங்கள் ஊரின் பெயரே கல் யானை. மனுப் போட்டுப் பழகுவதற்கு இதைவிடப் பொருத்தமான ஊர் கிடையாது.

என்னிடம் நகலெடுக்கும் மெஷின் ஒன்று, கணினி ஒன்று, லேமினேட் பெட்டி ஒன்று இருக்கின்றன. மற்ற மாதங்களில் ஈ ஓட்டுவேன். படிவம் ஐந்தின் எஸ்பிஎம் தேர்வு முடிவு வந்தால்தான் எனக்குத் தீபாவளி. விண்ணப்பத்துக்கு ஒரு செட். நீங்கள் 'டுக்காசித்தா' என்றதும் மேல்முறையீட்டுக்கு ஒரு செட், சேவை மையத்துக்கு ஒரு செட், கட்சித் தலைவருக்கு ஒரு செட், பத்திரிகைக்கு ஒரு செட். இடம் கிடைத்த பிள்ளையால் எனக்கு ஒரு வெள்ளி வரும். கிடைக்காத பிள்ளையால் பதினைந்து வெள்ளி. என் மகனின் டியூஷன் பணமே நீங்கள் போட்ட பிச்சை.

அந்த 'டுக்காசித்தா' எனக்குப் பிடித்த சொல். இடம் கொடுத்தால் சுக்காசித்தா, கொடுக்காவிட்டால் டுக்காசித்தா. சுகம், துக்கம் இரண்டும் ஒரு காலத்தில் நம் பக்கத்திலிருந்து கப்பலேறி இங்கே வந்த சொற்கள்தாம். துக்கம் மட்டும் வருடா வருடம் எங்கள் தோட்டத்து லய முகவரியைத் தேடிப் பிடித்து வந்துவிடுகிறது.

இந்த வருடம் ஓர் அம்மாவும் மகளும் வந்தார்கள். பிள்ளையின் பாட்டி பால்மரம் வெட்டியவர். தோட்டம் செம்பனையாக மாறி, பிறகு பாதி வீடமைப்புத் திட்டமாகிவிட்டது. அம்மா ஈப்போவில் ஒரு கடைத்தொகுதியில் துப்புரவு வேலை செய்கிறார். அந்தக் குடும்பத்தில் படிவம் ஐந்தை முடித்த முதல் ஆள் இந்தப் பிள்ளைதான். எட்டு ஏ, இரண்டு ஏ மைனஸ்.

"அங்கள், ஏ மைனஸும் ஏதானே?" என்றது.

நான் படிவம் மூன்றோடு நின்றவன், துவான். ஆனாலும் அந்தக் குடும்பத்துக்குக் கல்வி ஆலோசகர் நான்தான்.

சான்றிதழை வாங்கிப் பார்த்தேன். ஏ மைனஸுக்கு உங்கள் தேர்வு வாரியமே வைத்திருக்கும் பெயர் 'செமெர்லாங்', அதாவது மிகச் சிறப்பு. ஆக, பிள்ளை பத்துப் பாடத்திலும் மிகச் சிறப்பு. 2024 ஜூன் 30 அன்று பிரதமர் அன்வார், பத்து ஏ எடுத்தவர்களுக்கு இனம் பார்க்காமல் மெட்ரிகுலேஷன் இடம் உறுதி என்று அறிவித்தார். கடையிலிருந்த எல்லோருக்கும் நான் தே ஓ வாங்கிக் கொடுத்தேன். மறு வருடமே, ஏ மைனஸ் ஏ ஆகுமா ஆகாதா என்று நாடு முழுக்க விவாதம். சிறப்பில் எந்தச் சிறப்பு போதுமான சிறப்பு என்று பட்டிமன்றம் வைத்த முதல் நாடு நம்முடையதாகத்தான் இருக்கும். சாலமன் பாப்பையாவை நடுவராகக் கூப்பிட்டிருக்கலாம்.

"ஏதாம்மா. ஆனா அது ஏதானான்னு அவங்கதான் சொல்லணும்" என்றேன். பிள்ளை தலையாட்டியது. அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்கும்தான்.

துவான், எங்களுக்கும் பத்துக்கும் நெடுநாள் உறவு. 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், 7 முதல் 14 வயதுக்குள் 10 பிள்ளைகள் இருந்தால் தோட்டத்தில் பள்ளிக்கூடம் வைக்க வேண்டும் என்றது. கிராணியோ கங்காணியோ மிஞ்சிய நேரத்தில் வாத்தியார் ஆனார்கள். ஸ்டோருக்குப் பக்கத்தில் வகுப்பு. பால் வாடையும் பாடமும் சேர்ந்தே வரும். அன்று பத்துத் தலை இருந்தால் போதும். இன்று ஒரே தலைக்குள் பத்து ஏ இருக்க வேண்டும். இதைத்தான் முன்னேற்றம் என்கிறார்களோ என்னவோ.

2003-இல் மெட்ரிகுலேஷன் கதவு பூமிபுத்ரா அல்லாதவர்களுக்கும் திறந்தது. எவ்வளவு? நூற்றுக்குப் பத்து. 2012-இல் அப்போதைய பிரதமர் நஜிப் இந்திய மாணவர்களுக்கு 1,500 இடம் என்றார். அதற்குப் பிறகு எத்தனை பேர் உண்மையில் போய்ச் சேர்ந்தார்கள் என்று ஆளுங்கட்சியும் எதிர்க்கட்சியும் போட்ட கணக்குச் சண்டையில் எனக்கு நல்ல வியாபாரம். 2019-இல் 25,000 இடம் 40,000 ஆனது, 90-க்கு 10 மட்டும் அப்படியே நின்றது. பானை பெரிதாயிற்று, அகப்பை பழசு. சீனர், இந்தியர், மற்றவர் எல்லோரும் அந்தப் பத்துக்குள்தான் ஒண்ட வேண்டும். தமிழில் பத்து என்ற சொல்லுக்குப் பக்கத்திலேயே பத்தாது என்ற சொல்லை வைத்த முன்னோர் தீர்க்கதரிசிகள்.

பல்கலைக்கழக விண்ணப்பத்திலும் அந்தப் பத்து விடவில்லை. படிப்புக்கு 90, புறப்பாட நடவடிக்கைக்கு 10. எங்கள் பிள்ளைகளை ஏற்றி வரும் பள்ளி வேன் மதியம் இரண்டு மணிக்குக் கிளம்பும். கிளப், யூனிஃபார்ம் எல்லாம் அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கும். வேனை விட்டால் வீட்டுக்குப் போக வழியில்லை. எங்கள் பிள்ளைகளின் தலைமைத்துவப் பண்பு இரண்டு மணி வேனில் ஏறிப் போய்விடுகிறது.

ஈப்போவில் ஒரு டாக்டர் வீட்டுப் பையனை எனக்குத் தெரியும். அவன் அப்பாவுக்கு எந்தக் கதவு எந்தத் தேதியில் திறக்கும், எந்தக் கட்டத்தில் டிக் போட்டால் எந்தப் படிப்பு அடைபடும் என்பதெல்லாம் மனப்பாடம். கையிலிருக்கும் காப்பி ஆறுவதற்குள் மூன்று விண்ணப்பம் போய்விடும். தோட்டத்துப் பிள்ளைக்கு முதல் விண்ணப்பமே முட்டுக்கட்டை. வருமானச் சான்று கேட்பீர்கள். குத்தகை வேலை செய்யும் அம்மாவிடம் சம்பளச் சீட்டு ஏது? சில இடங்களில் நகலுக்கு ஏ பிரிவு அதிகாரியின் கையெழுத்து வேண்டும் என்பீர்கள். அவர்களுக்குத் தெரிந்த ஒரே அதிகாரி, சாலைத் தடுப்பில் மோட்டாரை நிறுத்திச் சம்மன் கொடுத்தவர். கம்போங்கிலிருந்து வரும் மலாய் மாக்சிக்கும் இதே குழப்பம்தான், துவான். அவர் மகளுக்கும் நான்தான் நிரப்பித் தருகிறேன். மூத்த தலைமுறை படித்திராத வீட்டில் படிவம் எந்த மொழியில் வந்தாலும் அது வேற்று மொழிதான்.

எங்கள் சாலையில் போனால் கெல்லிஸ் காசல் வரும். கெல்லி ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரத் துரை தமிழ்த் தொழிலாளர்களை வைத்துக் கட்டிய மாளிகை. 1926-இல் அவர் லிஸ்பனில் இறந்ததும் கட்டடம் அப்படியே நின்றுவிட்டது. பாதியில் நின்ற வீட்டைப் பார்க்க இன்று டிக்கெட் வாங்கிக்கொண்டு வருகிறார்கள். பாதியில் நின்ற படிப்பைப் பார்க்க யாரும் வருவதில்லை. அதே சாலையில் இன்னும் கொஞ்சம் போனால் கோப்பெங். அங்கேதான் பேராக் மெட்ரிகுலேஷன் கல்லூரி. பிள்ளையின் பாட்டி வெட்டிய நிரையிலிருந்து மோட்டாரில் அரை மணிக்கும் குறைவான தூரம். தோட்டத்துக்காரர்களுக்கு அந்த வாசல் நன்றாகப் பழக்கம். புல் வெட்டப் போயிருக்கிறார்கள்.

கோலகங்சாருக்குப் போனீர்களானால் அங்கே ஒரு கிழட்டு ரப்பர் மரம் நிற்கும். பிரேசிலில் பிறந்து, லண்டன் கியூ தோட்டம் வழியாக 1877-இல் வந்த கன்றுகளில் ஒன்று. அதற்கு மேல்முறையீடு இல்லை, விகிதம் இல்லை. நட்டார்கள், வேர் பிடித்தது, இன்று பலகை வைத்துப் பாதுகாக்கிறார்கள். அந்த மரத்தின் வம்சத்தை மூன்று தலைமுறையாகச் சீவிய குடும்பத்துப் பிள்ளை மட்டும் இன்னும் 'பரிசீலனையில்' இருக்கிறது.

சரி, நன்றி சொல்ல வந்தேன். கூடவே ஒரு வேண்டுகோள்.

தயவுசெய்து எதையும் வெளிப்படையாகச் சொல்லிவிடாதீர்கள். எந்தப் புள்ளியில் கோடு கிழித்தீர்கள், இந்தப் பிள்ளை கோட்டுக்கு எவ்வளவு கீழே நின்றது என்று ஒரே ஒரு வரி சேர்த்தால் போதும், என் பிழைப்பில் மண். பிள்ளைகள் வீட்டிலேயே கணக்குப் போட்டுப் பார்த்து, "சரி, பத்தலை" என்று வேறு வழியைப் பார்ப்பார்கள். சேவை மையத்துக்கு யார் போவார்? சான்றிதழை நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு, போலீஸ் எடுத்த படம் மாதிரி, தலைவரோடு பத்திரிகையில் யார் நிற்பார்? முடிவே இறுதியானது என்று எழுதி, அதற்குக் கீழே மேல்முறையீட்டுத் தேதியும் போடுகிறீர்களே, அந்த வழக்கத்தையும் விட்டுவிடாதீர்கள். என் வாடகையே அந்த இரண்டு வரிக்கு நடுவில்தான் இருக்கிறது.

அந்தப் பிள்ளை ஆறாம் படிவத்தில் சேர்ந்துவிட்டது. மெட்ரிகுலேஷன் என்றால் ஒரு வருடம். ஆறாம் படிவத்து எஸ்டிபிஎம் என்றால் மூன்று பருவம், ஒன்றரை வருடம். கடைசியில் இரண்டு வழியில் போனவர்களும் ஒரே பல்கலைக்கழக இடத்துக்குத்தான் வரிசையில் நிற்பார்கள். "பரவாயில்லை அங்கள், கொஞ்சம் சுத்திப் போறேன்" என்றது. தோட்டத்துப் பிள்ளை, சுற்று வழி அதற்குப் புதிதல்ல. யூபியு என்ற பல்கலைக்கழக விண்ணப்பத்துக்கு மறுபடி வரும் என்று இரண்டு ரீம் தாள் வாங்கி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்களால் வாழும் கடைக்காரன்.

இணைப்பு: மேற்படி பிள்ளையின் எஸ்பிஎம் சான்றிதழ் நகல், 1. ஏ மைனஸ் வரும் இரண்டு இடத்திலும் அந்த மைனஸ் விழவில்லை. டோனர் தீர்ந்துவிட்டது, துவான். வேறொன்றுமில்லை.